இடப்பக்கம் உட்கார்ந்த டிரைவர்

கை லியூ அடுக்குமாடிக் குடியிருப்பில் எந்த வீட்டில் எத்தனை பேர் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அடுப்புப் பானையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். குடும்பத்துக்கு ஒரு அறை. அறைக்கு வெளியே மாடி நெடுக ஓடுகிற நடையில் கதவுக்கு ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. யார் வீட்டில் கருவாடு, யார் வீட்டில் வெறுங்கஞ்சி, யார் வீட்டில் புருஷன் பெண்டாட்டி முகம் திருப்பிக்கொண்டு அடுப்பே மூட்டவில்லை என்பதெல்லாம் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை தெரிந்த சங்கதி. கழிப்பறை மாடிக்கு ஒன்று, நடு நடையில். அதற்குப் போகிறவர்களையும் வருகிறவர்களையும் எண்ணிக்கொண்டே சிலர் கிழவிகளாகிவிட்டார்கள்.

யின்ஹா வீட்டில் இரண்டு பேர், அவளும் புருஷன் ஹோய்சாங்கும். பிள்ளை குட்டி இல்லை. இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி களைய வேண்டும் என்பது அவளைவிட அடுத்த கதவு ஃபோங் அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அதனால் யின்ஹா வெளி அடுப்பில் இரண்டு பேருக்குப் பொங்குவாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த மின்சாரக் குக்கரில் இன்னொரு ஆளுக்குப் பொங்குவாள். ஆவி வெளியே போய்விடக் கூடாது என்று ஈரத் துணியைப் போட்டு மூடிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அரிசியைக்கூட ஒரே கடையில் வாங்குவதில்லை. பாதி மூட்டை இங்கே, மீதி சந்தைக்கு அந்தப் பக்கம்.

இவ்வளவு பாடும் அவள் தம்பி கின்போவுக்காக. எல்லை தாண்டி ஓடிவந்து ஊருக்குள் எப்படியாவது காலை வைத்துவிட்டால் அடையாள அட்டை கிடைத்துவிடும் என்று இருந்த சட்டத்தை அந்த அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். சொற்பத் தவணை கொடுத்தார்கள். அதற்குள் போய் வரிசையில் நின்றவர்கள் பிழைத்தார்கள். கின்போ தவணை முடிந்த பிறகு வந்து சேர்ந்தான். வளைகுடாவை நீந்தி, சிப்பிப் படுகையில் கரையேறி, பாதம் இரண்டும் நார்நாராகக் கிழிந்து, காய்கறி லாரியில் முள்ளங்கி மூட்டைக்கு அடியில் படுத்து வந்தவன். இனி பிடிபட்டால் அன்றைக்கே எல்லைக்கு ஏற்றிவிடுவார்கள். அவன் இப்படி ஓடிவந்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவை பிடிபட்டுத் திரும்பியபோது அங்கே என்ன செய்தார்கள் என்று அக்காவிடம்கூட அவன் சொன்னதில்லை. சட்டையைக் கழற்றும்போது மட்டும் முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான்.

அவனை வைத்திருந்தது மேல் கட்டிலில். கட்டிலின் முன்விளிம்பு நெடுக அட்டைப் பெட்டிகளை அடுக்கி, அதற்குப் பின்னால். கதவு திறந்திருந்தாலும் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு வேலைப் பெட்டிகள்தான் தெரியும். இருமல் வந்தால் தலையணையைக் கடித்துக்கொள்வான். மற்றதுக்கு ஒரு மூடி போட்ட வாளி. அந்த வாளியைத் துவைக்கிற துணிக்கு அடியில் வைத்து நடையில் எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் யின்ஹா யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். யாராவது "என்னடி, தினம் தினம் துவைக்கிறே?" என்று கேட்டால் அன்று முழுக்கச் சோறு இறங்காது.

பெட்டிகளில் இருந்தவை பஸ்கள். உள்ளங்கை நீளம், செக்கச்சிவப்பு, மேல் மாடிக்குக் கூரை கிடையாது. இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் ஓடியதாம். தொழிற்சாலையில் வார்த்து வண்ணம் அடித்து அனுப்பிவிடுவார்கள். மிச்ச வேலை கை லியூவின் அறைகளில் நடக்கும். பின்பக்கம் வளைந்து ஏறுகிற படிக்கட்டு, மேல் மாடிப் பெஞ்சுகள், சுற்றிலும் கம்பி, இஞ்சின் மூக்குக்குப் பின்னால் ஸ்டியரிங், டிரைவர், படியில் தொங்குகிற கண்டக்டர். எல்லாம் அரிசி அளவு, எள் அளவு. இடுக்கியால் எடுத்து, பசையில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைக்க வேண்டும். மூடி இருக்கிற பஸ் என்றால் உள்ளே எப்படி ஒட்டினாலும் யார் பார்க்கப்போகிறார்கள்? இதில் எல்லாம் திறந்து கிடக்கிறது. ஒரு பெஞ்சு சாய்ந்தாலும் பல்லிளிக்கும்.

"அந்த ஊர்ல எந்நேரமும் மழையாமே" என்பாள் ஃபோங் அக்கா. அவளும் இதே வேலைதான் செய்தாள். "மழை பெய்ற ஊர்ல கூரையில்லாத பஸ்ஸு! இவனுகதான் நம்மள ஆளுறானுக, கேட்டுக்க."

"பொம்மைதானே அக்கா" என்பாள் யின்ஹா.

"பொம்மையாம்ல! வேலை குடுக்குற லியூங் சொன்னானே. பிள்ளைங்க கையில குடுக்கமாட்டாங்களாம். தலை நரைச்ச ஆம்பளைங்க வாங்கிக் கண்ணாடி அலமாரியில பூட்டி வெச்சுக்கிட்டு, பூதக்கண்ணாடியால பாப்பாங்களாம். பொண்டாட்டிய அப்படி ஒரு நாள் பாத்திருப்பானுகளா?"

முதலில் யின்ஹா மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருந்தாள். சும்மா படுத்துக் கிடந்த கின்போ ஒரு நாள் பெட்டிச் சுவருக்கு மேலே கையை நீட்டி, "அக்கா, எனக்கும் ரெண்டு குடு. இப்படியே கெடந்தா பைத்தியம் புடிச்சிடும்" என்றான். கொடுத்தாள். கை நல்ல கை. ஒரு வாரத்தில் அவளைவிட வேகமாக ஒட்டினான். பெஞ்சு, கம்பி, படிக்கட்டு அவன் பங்கு; ஸ்டியரிங்கும் டிரைவரும் அவள் பங்கு. போய்ச் சேருகிற பெட்டிகள் கூடின. லியூங், "என்ன தங்கச்சி, ராத்திரி தூங்குறதே இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தபோதுகூட, பாராட்டுகிறான் என்றே அவள் நினைத்தாள்.

புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. வடக்கிலிருந்து உலர்ந்த குளிர்காற்று நடையில் ஊதி அடுப்புகளை அணைத்தது. யின்ஹாவுக்கு நல்ல காய்ச்சல். அவள் கீழ்க்கட்டிலில் சுருண்டு கிடக்க, ஒரு பெட்டி முழுவதையும் கின்போவே ஒட்டி, அவனே தாள் சுற்றி அடுக்கி மூடினான். காய்ச்சலோடு அதை அவள் திறந்து பார்க்கவில்லை. லியூங்கின் ஆள் வந்து தூக்கிக்கொண்டு போனான்.

காய்ச்சல் விட்ட பிறகு அடுத்த பெட்டியோடு அவள் கீழே இறங்கினாள். லியூங்கின் வேன் வழக்கம்போல எட்டாம் எண் கட்டடத்தின் அடியில் நின்றிருந்தது. லியூங் அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை. போலித்தோல் சட்டை, இடுப்பில் ஒரு கொத்துச் சாவி, வாயில் எப்போதும் உப்பிட்ட பிளம்ஸ் ஒன்று. தொழிற்சாலைக்கும் வீடுகளுக்கும் நடுவில் நின்று வேலை கொடுத்து வேலை வாங்குகிறவன். பெண்கள் எல்லாரும் அண்ணே என்பார்கள்.

அன்று அவன் பெட்டியை வாங்கவில்லை. வேனுக்குள்ளிருந்து, தொழிற்சாலை திருப்பி அனுப்பிய பெட்டி ஒன்றை இழுத்துத் திறந்தான். உள்ளேயிருந்து ஒரு பஸ்ஸை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"இதுல என்ன தப்புன்னு சொல்லு பாப்போம்."

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெஞ்சு நேராக இருந்தது, கம்பி நேராக இருந்தது, படிக்கட்டு அசையவில்லை. அவளுடைய வேலையைவிட நல்ல வேலை.

"நல்லாத்தானே அண்ணே இருக்கு?"

"டிரைவர் எங்க உக்காந்திருக்கான்?"

பார்த்தாள். இடப்பக்கம். ஸ்டியரிங்கும் இடப்பக்கம். ஒரே அச்சில் வேறு நாட்டுக்கும் வண்டி வார்ப்பதால் அடித்தகட்டில் இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கும். வலது ஓட்டையில்தான் செருக வேண்டும். இந்த ஊரில் பஸ் ஏறி இறங்கியவள் எவளும் அதை யோசித்துக்கூடப் பார்க்கமாட்டாள். கை தானாக வலப்பக்கம் போகும்.

"பெட்டி முழுக்க இப்படித்தான்" என்றான் லியூங் மெல்ல. "ஒண்ணு ரெண்டுன்னா கைதவறல். பெட்டி முழுக்க இடப்பக்கம். எல்லை ஆத்துக்கு அந்தப்பக்கம்தான் டிரைவர் இடப்பக்கம் உக்காருவான். இது யாரு ஒட்டினது தங்கச்சி?"

சுற்றிலும் பெண்கள் பெட்டியோடு நின்றார்கள்.

"என் வீட்டுக்காரர் அண்ணே. எனக்குக் காய்ச்சல். அவருதான்... ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு தூக்கக் கலக்கத்துல..."

"ஹோய்சாங்கா? சாயப்பட்டறைக்குத் தினம் பஸ்ஸுலதானே போறான்? டிரைவரப் பாத்ததே இல்லையா?" லியூங் பிளம்ஸ் கொட்டையை உள்ளங்கையில் துப்பிப் பத்திரமாகக் காகிதத்தில் சுற்றினான். "போன வாரம் பக்கத்துத் தெருவுல ஒரு பட்டறையில புகுந்து அட்டை இல்லாத ஆளுங்க நாலு பேரைத் தூக்கினாங்க, தெரியுமில்ல? வேலை குடுத்தவனையும் சேத்துத்தான். நான் புள்ளகுட்டிக்காரன். சாயங்காலம் உன் வீட்டுக்கு வரேன். ஹோய்சாங் எப்படி ஒட்டுறான்னு என் கண்ணால பாத்துடறேன். பயப்படாதே, டீ மட்டும் போட்டு வை."

பெட்டியையும் அந்த பஸ்ஸையும் தூக்கிக்கொண்டு அவள் படி ஏறினாள். மாடியில் ஃபோங் அக்கா அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்த அடுப்புச் சாமியின் வாயில் வெல்லப்பாகு தடவிக்கொண்டிருந்தாள். ஆண்டு முடிவில் மேலே போய் வீட்டு ரகசியமெல்லாம் சொல்லிவிடும் சாமி அது; வாய் ஒட்டிக்கொண்டால் நல்லதை மட்டும் சொல்லும்.

"உன் வீட்டுச் சாமிக்கு இன்னும் தடவலியா?" என்றாள் ஃபோங் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் தாராளமாத் தடவுடி. மூக்கையும் சேத்து அடைச்சு விடு. அரிசி வேகுற வாசனை அதுக்கு ரெண்டு தடவை வருதாம்" என்றாள்.

யின்ஹா அப்படியே நின்றுவிட்டாள். ஃபோங் அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் பாகைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஆக, இவளுக்கும் தெரியும். இவளுக்குத் தெரிந்தது இன்னும் எத்தனை பேருக்குத் தெரியுமோ, கடவுளே!

கதவைச் சாத்திய கையோடு பஸ்ஸை மேல் கட்டிலில் எறிந்தாள்.

"என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து கின்போவின் முகம் வந்தது. வெயில் படாமல் வெளுத்த முகம்.

"ஏன்? சரியாத்தானே ஒட்டியிருக்கேன்?"

"டிரைவர எங்கடா வெச்சே?"

"அவன் எடத்துலதான். நீ குடுத்த சாம்பிள் பஸ்ஸுல தப்பா இருந்துச்சுக்கா. ரைட்டுல உக்கார வெச்சிருந்தான் மடையன். எதிர்ல வர்ற வண்டிய எப்படிப் பாப்பான்? நான் ஏழு வருஷம் கம்யூன் பண்ணையில லாரி ஓட்டினவன். எனக்குத் தெரியாதா டிரைவர் சீட்டு எங்கன்னு? ரெண்டு ஓட்டை இருந்துச்சு, நான் சரி பண்ணி வெச்சேன்."

சரி பண்ணினானாம்! அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சன்னல் வழியாக ஒரு தடவை கீழே எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் சன்னல் பக்கம் தலையே காட்டக் கூடாது என்று கட்டளை போட்டவள் அவள்தான். இந்த ஊருக்கு வந்து இத்தனை நாளில் இந்த ஊரின் தெருவை அவன் கண்ணால் பார்த்ததில்லை.

விஷயத்தைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் முகத்திலிருந்த லாரிக்காரன் இறங்கிப்போனான். கையிலிருந்த பஸ்ஸைத் தாளில் சுற்றினான், பிரித்தான், மறுபடியும் சுற்றினான்.

ஹோய்சாங் பகல் தூக்கத்திலிருந்து எழுந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். ரொம்ப நல்ல மனுஷன், ரொம்பப் பயந்த மனுஷன். தெருவில் போலீஸ்காரன் எதிரே வந்தால், கேட்பதற்கு முன்பே அடையாள அட்டையை எடுத்து நீட்டுகிறவன். சாயப்பட்டறை வேலையில் அவன் விரல் பத்தும் நகக்கண் வரை நீலம்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றான். "வேலை குடுக்காதே, சத்தமில்லாமக் கெடக்கட்டும்னு சொன்னேனா இல்லையா? இப்ப பாரு. அவன் வர்றதுக்குள்ள இவன எங்கயாச்சும் அனுப்பிடு."

"எங்கங்க அனுப்புவேன்? கீழ எறங்கினா முனையிலேயே போலீஸ் அட்டை கேக்குறான்."

"மாடிக்கு. மொட்டை மாடிக்கு."

"அங்க புறா வளக்குற கெழவன் இருக்கான்."

"அப்ப... மலைப்பக்கம்."

"பாதம் இன்னும் ஆறல. எப்படி ஏறுவான்?"

"அப்ப நாம உள்ள போகவா? சொல்லு, நாம ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போகவா? என் வேலை போகும். இந்த ரூம் போகும். எத்தனை வருஷம் வரிசையில நின்னு வாங்கின ரூம்!" அவன் குரல் உடைந்தது. பக்கத்து அறைக்குக் கேட்டுவிடுமே என்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

"அத்தான் சொல்றது சரிதான்" என்றான் கின்போ மேலேயிருந்து. "நான் எறங்கிப் போயிடறேன்க்கா. முனையில புடிச்சா தனியாத்தானே புடிப்பான்? எங்க இருந்தேன்னு கேட்டா பாலத்துக்கு அடியிலன்னு சொல்றேன்."

"போய்?"

கட்டிலிலிருந்து தொங்கிய அவன் கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. குளிரால் இல்லை. அதை யின்ஹா பார்த்தாள். ஹோய்சாங்கும் பார்த்தான்.

ஹோய்சாங் கொஞ்ச நேரம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, தொங்கிய அந்தக் கால்களைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கிக் கட்டிலில் விட்டான். பெட்டிகளை நெருக்கி அடுக்கினான்.

"மூச்சு விடாமப் படு மச்சான்" என்றான். பிறகு யின்ஹாவிடம், "இடுக்கிய எப்படிப் புடிக்கணும்? எனக்குக் காட்டு" என்றான்.

அவன் கைக்கு அந்த வேலை வரவேயில்லை. பத்துத் தடவை ஸ்டியரிங் கீழே விழுந்து, பத்துத் தடவையும் யின்ஹா தரையைத் தடவி எடுத்தாள். அவன் நெற்றி வியர்த்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஃபோங் அக்கா வானொலியை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தாள். வேண்டுமென்றே வைத்தாளோ என்னவோ.

லியூங் வந்தபோது நடையில் எல்லா அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது. "என்ன லியூங் அண்ணே, மாடி ஏறியெல்லாம் வர்றீங்க?" என்று பெண்கள் கேட்பதும், அவன் ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்வதும் கதவுக்கு உள்ளே கேட்டது. அவசரமே இல்லாமல் வந்தான். யின்ஹாவுக்கு அவன் இடுப்புச் சாவிக்கொத்தின் சத்தம் ஒவ்வொரு கதவாக நெருங்கி வருவது போலிருந்தது. வாய்க்குள்ளேயே குவான் யின் தாயை வேண்டிக்கொண்டாள்.

உள்ளே வந்தவன் கதவை அவனே சாத்தினான். முக்காலியில் உட்கார்ந்தான். டீயை வாங்கி ஊதி ஊதிக் குடித்தான். பெட்டிச் சுவரைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். அறை ஒன்றும் பெரிதில்லை. நீட்டிப் படுத்தால் கால் கதவில் இடிக்கும்.

"ஹோய்சாங் தம்பி, ஒண்ணு ஒட்டிக் காட்டேன். வேடிக்கைதான்."

ஹோய்சாங் பஸ்ஸை எடுத்தான். இடுக்கியில் ஸ்டியரிங்கைப் பிடித்தான், பசையில் தொட்டான். யின்ஹா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வலப்பக்கம். அவன் கை வலது ஓட்டைக்கு நேராகப் போய், அங்கே ஒரு கணம் நின்று, இடப்பக்கம் திரும்பியது. இடது ஓட்டையில் செருகினான். டிரைவரையும் எடுத்து, விரலால் அமுக்கி, இடப்பக்கம் உட்காரவைத்தான்.

"இப்படித்தான் அண்ணே எனக்கு வரும்" என்றான். "சின்ன வயசுலேர்ந்தே வலம் இடம் கொழம்பும். பட்டறையில கூடத் திட்டுவாங்க. என் தப்புதான்."

அடப்பாவி மனுஷா என்று நினைத்தாள் யின்ஹா. போலீஸ்காரனைக் கண்டால் கேட்காமலே அட்டை நீட்டுகிற ஆள், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய் சொன்னான். எவ்வளவு அழகாகச் சொன்னான்!

லியூங் பஸ்ஸை வாங்கி விளக்குக்கு நேராகத் தூக்கினான். திருப்பினான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நல்லா ஒட்டியிருக்கே. ஆனா பாரு தம்பி" என்று பஸ்ஸை யின்ஹா பக்கம் நீட்டினான். "பசையிலிருக்கிற ஸ்பிரிட்டு பட்டதும் உன் விரல் நீலம் எறங்கிடுது. டிரைவர் முதுகுல ஒரு நீலம், வண்டி மூக்கு மேல ஒரு நீலம், பெஞ்சுல ஒண்ணு. திரும்பி வந்த பெட்டியில அத்தனை பஸ்ஸையும் எடுத்துப் பாத்தேன். ஒண்ணுலகூட ஒரு பொட்டு நீலம் இல்லையே?"

அடுத்த அறை வானொலியில் யாரோ புத்தாண்டுக்கு என்ன விலையில் என்ன வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சுத்தமான கை" என்றான் லியூங். இப்போது அவன் பேசியது அவர்களிடம் இல்லை, பெட்டிச் சுவரைப் பார்த்து. "அருமையான கை. ஆனா ஏதோ மாட்டு வண்டி ஓட்டின கை போல. டிரைவர் எங்க உக்காருவான்னு தெரியல பாவம். டிராக்டர் ஓட்டியிருப்பானோ?"

"லாரி" என்றது பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

எத்தனையோ இருமலை விழுங்கியவனால் இதை விழுங்க முடியவில்லை. யின்ஹா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஹோய்சாங் கைகூப்பிக்கொண்டு நின்றான்.

"அண்ணே... அண்ணே, எங்க காலம் முடிஞ்சுபோச்சு. நீங்க பாத்துக்கங்க."

"அட, எதுக்கு இந்தப் பயம்?" லியூங் டீயை முழுக்கக் குடித்துக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தான். "நான் போலீஸா? நானும் அந்தப் பக்கத்திலேர்ந்து வந்தவன்தான். எனக்கு ஒருத்தர் எடம் குடுக்கலையா? யாரு யாரக் காட்டிக்குடுக்கப் போறாங்க? ரெண்டாம் பேருக்குத் தெரியாது, என்னை நம்பு."

யின்ஹாவுக்கு அழுகை பொங்கிவந்தது. "நீங்க நல்லா இருக்கணும் அண்ணே. உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும்."

"இருக்கட்டும் இருக்கட்டும். நாளையிலேர்ந்து பெட்டி ரெட்டிப்பா வரும். புத்தாண்டு லீவு, அது இதுன்னு சொல்லாதே. அந்தத் திரும்பி வந்த பெட்டிய முதல்ல பிரிச்சு ஒட்டிக் குடுத்துடு. வேற ஆளுகிட்ட வேலை வாங்க வேண்டாம், என் வேலையே உனக்குச் சரியா இருக்கும். கூலி..." அவன் எழுந்து சாவிக்கொத்தைச் சரிசெய்துகொண்டான். "நமக்குள்ள என்ன தங்கச்சி கூலிக் கணக்கு? நான் பாத்துக் குடுக்கறேன்."

கதவைத் திறக்கும் முன் திரும்பிப் பெட்டிகளைப் பார்த்து, "டிரைவர் வலப்பக்கம், தம்பி" என்றான். அன்பாகத்தான் சொன்னான்.

அவன் சாவிச் சத்தம் படியிறங்கி மறைந்ததும் ஹோய்சாங் யின்ஹாவின் தோளைப் பிடித்து உலுக்கினான். "போயிட்டான்! தப்பிச்சோம்டி! எவ்வளவு பெரிய மனசு பாரு. நான்கூட என்னமோ நெனச்சேன்." அவன் சிரித்தான், மூக்கைச் சிந்தினான், மறுபடியும் சிரித்தான். உலர்த்திய பன்றியிறைச்சிக் குழல் ஒன்றை எடுத்துச் சோற்றோடு வேகவைக்கச் சொன்னான். புத்தாண்டுக்கென்று வைத்திருந்தது அது.

கின்போ இறங்கி வரவில்லை. யின்ஹா கிண்ணத்தை மேலே நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டான்.

"எவ்வளவு நாளைக்குக்கா?"

"சாப்பிடு. ஆறிடப் போகுது" என்றாள் அவள்.

மறுநாள் பெட்டிகள் வந்தன. அதற்கு அடுத்த வாரம் இன்னும் வந்தன. அறையில் நிற்க இடமில்லை. ஹோய்சாங் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே தூங்கினான். கூலி லியூங்குக்குத் தோன்றியபோது வந்தது, தோன்றிய அளவு வந்தது. யாரும் கேட்கவில்லை. புத்தாண்டன்று கை லியூ முழுக்கப் பட்டாசுக் காகிதச் சிவப்பும் முள்ளங்கிப் பலகார மணமுமாக இருக்க, அந்த அறையில் மூன்று பேரும் குனிந்து டிரைவர்களை வலப்பக்கம் உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள். கின்போ இப்போது லாரியைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒவ்வொரு பஸ்ஸிலும் ஸ்டியரிங் வைப்பதற்கு முன் வலக்கையை ஒரு தடவை முட்டியில் தட்டிக்கொள்வான்.

புத்தாண்டு முடிந்து ஈரப்பனி இறங்கத் தொடங்கிய நாட்களில், ஒரு நாள் லியூங் வரவில்லை. வர வேண்டிய நேரம் தாண்டியது. யின்ஹா முடித்த பெட்டிகளை நடையில் அடுக்கி வைத்துவிட்டுக் கம்பிப்பக்கம் போய் நின்றாள். எட்டாம் எண் கட்டடத்தின் அடியில் வேன் இல்லை. உள்ளே வந்தாள். மறுபடியும் போய் நின்றாள்.

"என்னடி, எதுக்கு இப்படி அலையறே?" என்றாள் ஃபோங் அக்கா, காய் நறுக்கிக்கொண்டே. "ஒரு நாள் அவன் வராட்டி நிம்மதியா முதுகை நீட்டேன்."

"வந்துருவாரு அக்கா."

"முகமெல்லாம் வெளிறிக் கெடக்கு உனக்கு."

நமக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டானோ? வேறு வீட்டில் வேறு யாரோ கிடைத்துவிட்டார்களோ? நாம் அவனுக்குத் தேவைப்படாத அன்றைக்கு அவன் எங்கே போவான், யாரிடம் என்ன சொல்வான்? கழிப்பறைக்கு ஓடினாள். திரும்பி வந்து மறுபடியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே எந்த வேன் திரும்பினாலும் அவள் கை கம்பியை இறுக்கியது. அதில் ஒன்று போலீஸ் வேன். அது நிற்காமல் போனது.

கடைசியில் லியூங்கின் வேன் வந்தது. டயர் வெடித்துவிட்டதாம். அவள் படியில் பாதி இறங்கி ஓடிப்போய் எதிரே நின்றாள். மூச்சு வாங்கியது.

"என்ன தங்கச்சி, வரமாட்டேன்னு பயந்துட்டியா?" என்றான் லியூங்.

"ஆமாண்ணே" என்றாள் யின்ஹா. அவன் கையிலிருந்த பெட்டிகளை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இன்னும் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டாள்.